ரெஜி நடந்த வாரம்

ஸ்டூவர்ட் கார்பட்டுக்கு மழை பெய்வதே தெரியாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். தெரியாமல் இல்லை, ஒப்புக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். கோடைக்காலம் முழுக்க இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் ஹல் நகரத்தின் மேல் வானம் பிழியாத துணி போலத் தொங்கினாலும், வாசலில் நின்று கிழக்கே கையை நீட்டி, "அந்தப் பக்கம் வெளுக்குது பாரு" என்பார். அந்தப் பக்கம் எதுவும் வெளுத்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் சிறுமியாக இருந்தபோதிலிருந்து ஸ்டூவர்ட் குளிர்பதன லாரி ஓட்டுகிறார். மீன் ஏற்றிக்கொண்டு ஸ்பெயின் வரை போவார், ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்புவார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஆனால் ஸ்பெயினிலிருந்து பேசும்போது மட்டும் அவ்வளவு தூரத்துக்குக் கத்தினால்தான் கேட்கும் என்று நினைப்பார் போலும். அவர் போனில் கத்துவது சுவரைத் தாண்டி எங்கள் சமையலறை வரை வரும்.

அவருடைய மகள் கிர்ஸ்டிக்குப் பன்னிரண்டு வயது. அவள் முதன்முதலாக நடந்தபோது ஸ்டூவர்ட் பிரான்ஸில் கலே துறைமுகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு முதல் பல் விழுந்த அன்று பார்சிலோனா பக்கம் இருந்தார். பல் விழுந்தால் தலையணைக்கு அடியில் தேவதை காசு வைத்துப் போகும் என்பது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் காசைத் தன் கையால்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாகத் தள்ளிப்போட வைத்து, மூன்று வாரம் கழித்து வந்து, அவசரத்தில் எங்கள் ஊர்ப் பவுண்டுக்குப் பதில் பையில் கிடந்த யூரோவை வைத்துவிட்டார். கிர்ஸ்டி காலையில் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம தேவதை ஸ்பெயின்லயா இருக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் போன்லதான் பாத்திருக்கேன்," என்று ஸ்டூவர்ட் ஒருமுறை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "எம் பொண்ணு ரெண்டு இஞ்சு அகலம்தான்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன்."

அதற்குப் பிறகு, யாரும் எதிர்பார்க்காதபோது ரெஜி பிறந்தான். இந்தக் கோடையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். ஸ்டூவர்ட் உடனே இரண்டு வாரம் விடுமுறை எடுத்தார்.

"இவன் நடக்கிறதை நான் பாக்காம விடமாட்டேன். ரெண்டு வாரத்துக்குள்ள நடக்கணும்னு கறாரா சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?" என்றாள் லியான், அவர் மனைவி.

"அவன்கிட்டதான்."

லியான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் ரெஜியை நான்தான் பார்த்துக்கொள்வேன். அந்த வீட்டில் என்னை ஆரு என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அந்த இரண்டு வாரமும் நானும் பெரும்பாலும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

முதல் வாரம் முழுக்க ரெஜி தவழ்ந்தான். நடக்க என்ன அவசியம் என்று கேட்பது போல, அத்தனை வேகமாகத் தவழ்ந்தான். ஸ்டூவர்ட் தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டி, "வாடா, வாடா என் ராசா" என்று கூப்பிடுவார். அவன் நாற்காலியைப் பிடித்து எழுவான், பிஸ்கட்டைப் பார்ப்பான், யோசிப்பான், பிறகு சப்பென்று உட்கார்ந்து தவழ்ந்தே வந்து வாங்கிக்கொள்வான்.

"உன்னை மாதிரியேதான்பா இவன்," என்றாள் கிர்ஸ்டி. "சக்கரம் இருந்தாத்தான் நகருவான்."

வெளியே மழை விடவில்லை. தோட்டத்தில் ரெஜிக்காகக் காற்றடைத்து வைத்த பிளாஸ்டிக் குளம் தானாகவே நிரம்பியது. "குழாய்த் தண்ணி மிச்சம்," என்றார் ஸ்டூவர்ட். கோல்ஃப் விளையாடுபவர்கள் பிடிக்கும் பெரிய குடையைக் கொல்லைக் கதவில் கட்டி, அதன் கீழே பார்பிக்யூ அடுப்பை வைத்து, தினமும் சாசேஜ் சுட்டார். விடுமுறை என்றால் வெளியே சமைக்க வேண்டும். அதில் மழையின் பேச்சு எடுபடாது.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை அடுப்புக்கு கேஸ் தீர்ந்தது. ஸ்டூவர்ட் சிலிண்டர் வாங்கப் போனார். லியான், கிர்ஸ்டி, நான் மூவரும் சமையலறையில் இருந்தோம். துவைத்த துணிகள் நாலு நாளாக உலர்த்தும் ஸ்டாண்டில் காயாமல் கிடந்து, வீடே ஈர நாற்றம் அடித்தது. ரெஜி சலவை இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கூடையைக் குடைந்துகொண்டிருந்தான். அப்பாவின் சாக்ஸ் ஒன்று கையில் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வேறு எதையும் பிடிக்கவில்லை. கொடி பிடித்துப் போகிறவன் மாதிரி சாக்ஸை உயர்த்திக்கொண்டு, ஸ்டாண்டை நோக்கி நாலைந்து அடி நடந்து, பிறகு உட்கார்ந்தான்.

நாங்கள் மூவரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"மா!" என்று கிர்ஸ்டி ஆரம்பித்தாள்.

"யாரும் எதையும் பாக்கல," என்றாள் லியான்.

"நான் பாத்தேனே!"

"நீயும் பாக்கல. ஆரு கண்ணு, நீ பாத்தியா?"

"நான் துணி மடிச்சிட்டிருந்தேன்," என்றேன்.

"நல்ல பொண்ணு. இவளைப் பாத்துக் கத்துக்கோ." லியான் அவன் கையிலிருந்த சாக்ஸைப் பிடுங்கிக் கூடையின் அடியில் திணித்தாள். கண் கலங்கியிருந்தது. "ஸ்டூவர்ட் பாக்கிறதுதான் முதல் அடி. அதுக்கு முன்னாடி இந்த வீட்ல எதுவும் நடக்கல."

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைக் கதவு தெரு முழுக்கக் கேட்கும்படி அறைந்து மூடியது. ஸ்டூவர்ட் உரக்கப் பாடிக்கொண்டே உள்ளே வந்தார். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார்.

"கார்ல போயிட்டு யாராவது இப்படி நனைவாங்களா?" என்றாள் லியான்.

"நிறுத்த இடம் தூரமாக் கெடச்சுது. இப்ப விட்டாச்சு, பாரு." ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. ரெஜிக்கு ருசி தெரிந்துவிட்டது. நினைத்தபோதெல்லாம் எழுந்து நடக்கப் பார்த்தான். ஸ்டூவர்ட் அறையில் இல்லையென்றால் எங்களில் பக்கத்தில் இருப்பவர் பாய்ந்து தூக்கிவிடுவார். ஸ்டூவர்ட் வந்ததும் இறக்கி விடுவோம். அப்போது மட்டும் அவன் குண்டுக்கல்லாக உட்கார்ந்துகொள்வான். புதன்கிழமை தபால்காரப் பெண் வாசலில் நின்று, "பையன் நடக்கிறானாமே?" என்றாள். லியான் அவளை மழையில் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் வாயை அடைத்தாள்.

"நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்," என்றாள் கிர்ஸ்டி.

லியானுக்கு ஸ்டூவர்ட் மேல்தான் கோபம். மனிதர் வீட்டுக்குள் தங்கவே இல்லை. எந்நேரமும் குடைக்கு அடியில், அடுப்புக்கு முன்னால்.

"உள்ள வா ஸ்டூவர்ட், நனையாதே."

"சாசேஜ் கருகிடும்."

"அது நேத்தே கருகிடுச்சு!"

வியாழக்கிழமை எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஸ்டூவர்ட் அடுப்பின் முன் தனியாக நின்று, புருவத்தை ஏற்றி, வாயைப் பெரிதாகத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்தார். புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை, கடைசி முயற்சியாக, எல்லோரும் விதர்ன்ஸீ கடற்கரைக்குப் போனோம். மழையும் கூடவே வந்தது. மற்ற குடும்பங்களைப் போலவே நாங்களும் காரைக் கடலைப் பார்த்து நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து, ஃப்ளாஸ்க் தேநீர் குடித்தோம். மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கி, கடல் தெரியவில்லை.

"நல்ல காட்சி," என்றாள் கிர்ஸ்டி.

"அந்தப் பக்கம்..."

"வெளுக்குது. தெரியும்பா."

கடைசியில் பொரித்த மீனும் வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு சிப்ஸும் வாங்கிக்கொண்டு, கடலோரச் சாலையில் இருந்த நிழற்குடைக்கு ஓடினோம். அங்கே ஒரு வயதான தம்பதி பிளாஸ்டிக் கோட்டைக் கழற்றாமல் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லியான் ரெஜியை பெஞ்சைப் பிடித்து நிற்க வைத்தாள். ஸ்டூவர்ட் எதிர்ப்பக்கம் சிப்ஸ் பொட்டலத்தோடு குந்தி உட்கார்ந்தார். வினிகர் வாசம் எல்லா இடத்திலும் பரவியது.

ரெஜி சிப்ஸைப் பார்த்தான். யோசித்தான். லியான் என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவன் பெஞ்சை விட்டான்.

ஓர் அடி வைத்ததும் ஸ்டூவர்ட்டின் புருவம் ஏறியது, வாய் பெரிதாகத் திறந்தது. வியாழக்கிழமை அடுப்புக்கு முன்னால் நான் பார்த்த அதே முகம். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆனால் ரெஜி நிற்கவில்லை. ஆடி ஆடி, சிப்ஸைத் தாண்டி, நேராக அப்பாவின் கழுத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டான். பழகி வைத்த முகம் அப்போது கலைந்தது. அதற்குப் பின் வந்த முகத்தை யாராலும் பழகி வைத்திருக்க முடியாது. பொட்டலம் கீழே விழுந்தது. தம்பதி கைதட்டினார்கள். ஒரு கடற்காகம் சிப்ஸில் பாதியைத் தூக்கிப் போனது, யாரும் விரட்டவில்லை.

"பாத்தியா லியான்! பாத்தியா!"

"பாத்தேன், பாத்தேன்," என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பும்போது காரின் பின்பக்கம் தள்ளுவண்டியை ஏற்ற நான் ஸ்டூவர்ட்டுக்கு உதவினேன். மற்றவர்கள் உள்ளே ஏறிவிட்டார்கள்.

"ஸ்டூவர்ட், வியாழக்கிழமை அடுப்பு முன்னாடி வாயைத் திறந்து திறந்து மூடினீங்களே..."

அவர் சுற்றிலும் பார்த்தார். "பாத்துட்டியா?" சின்னக் குரல் இன்னும் சின்னதாயிற்று. "எனக்கு நடிக்க வராது ஆரு. பழகாம எப்படி?"

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை. சிலிண்டரோட கொல்லைப் பக்கமா வந்தேன், கிச்சன் ஜன்னல்ல தெரிஞ்சுது. கையில என் சாக்ஸ் வேற." தள்ளுவண்டியின் சக்கரத்தைத் துடைத்தார். "நீங்க மூணு பேரும் செலை மாதிரி நின்னீங்க. அப்புறம் லியான் சாக்ஸைப் புடுங்கி ஒளிச்சு வைக்கிறா. எனக்காக இவ்வளவு பாடுபடுறா, நான் உள்ள போய்க் கெடுக்கிறதா? கொஞ்ச நேரம் மழையில நின்னுட்டு, கதவை நல்லா அறைஞ்சுட்டு வந்தேன்."

"அப்ப முதல் அடியை நீங்க..."

"பாத்துட்டேன்." அந்த மழையில் அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. "மொத மொத. போன்ல இல்ல. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

ஞாயிறு சாயங்காலம் அவர் கிளம்பினார். அவர் கார் தெருமுனை திரும்பும்போது தூறல் கூட நின்றிருந்தது. லியான் ஈரத்துணிகளை வாரிக்கொண்டு வந்து கொடியில் போட ஆரம்பித்தாள். நான் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தேன். ரெஜி குளத்தைச் சுற்றி நடந்தான். இனி அவனைத் தூக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

"பாவம், மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் தெரியல," என்றாள் லியான், அந்தச் சாக்ஸை உதறிக் கொடியில் மாட்டியபடி. "அந்த முகத்தைப் பாத்தேல்ல? தப்பித் தவறிக்கூட அவன்கிட்ட சொல்லிடாதே, கண்ணு."

"சொல்ல மாட்டேன்," என்றேன்.