கமலநாதன் வளர்த்த புளிமாவு

மலேசியாவின் மாசாய் வட்டாரத்தில் கமலநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர, சூப்பர்வைசர் ஓயவில்லை. வீட்டில் அதட்டுவதற்கு ஆள் என்று பார்த்தால் மனைவி பிரேமலா ஒருத்திதான்.

அந்தப் பிரேமலாவுக்குப் பல வருஷமாக வயிற்றுக் கோளாறு. காற்று, வாய்வு என்று ஓமத்தண்ணீரிலேயே காலம் தள்ளினாள். கடைசியில் டாக்டர், கோதுமை ஒரு துளிகூடக் குடலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். சப்பாத்தியை விட்டாள், ரொட்டி சானாயை விட்டாள், முணுமுணுக்கவில்லை. காலையில் கோப்பியில் தொட்டுச் சாப்பிடும் ரொட்டித் துண்டைத்தான் அவளால் விட முடியவில்லை. கோதுமை இல்லாத ரொட்டியைக் கடையில் வாங்கிப் பார்த்தாள். கோப்பியில் பட்டதும் மணலாக உதிர்ந்தது. "நான் சுட்டுத் தரேன்," என்றார் கமலநாதன். அதுவரை மனுஷர் தங்கம்தான்.

ரொட்டியை உப்பவைக்கப் பழுப்பரிசி மாவையும் தண்ணீரையும் கண்ணாடிப் போத்தலில் கலந்து புளிக்கவைத்தார். தினமும் பாதியைக் கழித்துவிட்டுப் புது மாவு ஊட்ட வேண்டும். ஊட்டுவது அவர், கழித்ததைத் தோசையாகச் சுட்டுத் தின்று தீர்ப்பது பிரேமலா. வாய்வழிந்த போத்தலைத் தேய்த்துக் கழுவுவதும் அவளேதான். "ஒரு துளி ஒட்டியிருக்கக் கூடாது!" என்று பின்னால் நின்று மேற்பார்வை பார்ப்பார். இந்த வீட்டில் ஆம்பளை சமைத்தால் பொம்பளைக்கு வேலை இரட்டிப்பு.

பக்கத்து வீட்டு ரூபினி ஒருநாள் எட்டிப் பார்த்து, "அங்கிள், இது நம்ம தோசை மாவுதானே லா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், அவளோடு பேச்சு வார்த்தை நின்றது. மாவு நுரைத்த படத்தைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பாராட்டுகள் குவிய, தலைகால் புரியாமல், ஞாயிற்றுக்கிழமை பசியாற எல்லாரும் வீட்டுக்கு வாங்க என்று அழைத்தும் விட்டார்.

அந்த வாரம் பார்த்து மாவு சோம்பிக் கிடந்தது. மேலே சாம்பல் நிறத் தண்ணீர் கட்டியது. ஒத்திகைக்குச் சுட்ட ரொட்டியைக் கொண்டு ஆணி அடிக்கலாம். குடியிருப்புத் தாமானே சிரிக்குமே என்று கமலநாதனுக்குத் தூக்கம் போயிற்று. மீனுக்குத் தீனி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோதுமை மாவு வாங்கி வந்தார். சனிக்கிழமை இரவு, கழித்த மாவைப் பிரேமலா தோசை சுட்டு முடித்த பிறகு, ஊட்டத்துக்கு ஒரு கரண்டி போட்டார். ரொட்டி பிசையும்போது அது இரண்டு கைப்பிடி ஆயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவர் கோதுமையை அரிசிமாவில் மறைத்தார். பிரேமலா எப்போதும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உட்காருவாள், அதற்குள் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு.

ஞாயிறன்று ரொட்டி கோபுரமாக எழும்பி வந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். ரூபினியும் பெருந்தன்மையாக வந்திருந்தாள். அவள்தான் பிரேமலாவைப் பிடித்து உட்காரவைத்து, முதல் துண்டு ஆண்ட்டிக்குத்தான் என்று கையில் கொடுத்தாள். பிரேமலா கணவரைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது. துண்டைக் கோப்பியில் தொட்டாள். உதிரவில்லை. கண் கலங்க வாயருகே கொண்டுபோனாள்.

கமலநாதன் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். கோப்பி மேசையெல்லாம் சிந்தியது.

"வேணாம், பிரேமா. அதுல கோதுமை இருக்கு."

பிரேமலா சிந்திய கோப்பியைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குத்தானே சுட்டீங்க?"

அவர் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். வந்தவர்கள் தலையைக் குனிந்தபடி தின்றுகொண்டிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

எல்லாரும் போனபின் அவள் கத்தி, பலகை, தட்டு, போத்தல் எல்லாவற்றையும் தொட்டியில் வைத்தாள். "நீங்களே கழுவுங்க. ஒரு துளி ஒட்டியிருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அரிசிமாவு என்றால் தண்ணீரிலேயே கரைந்து போயிருக்கும். இது போத்தலை விட்டு விரலில் ஒட்டியது, விரலை விட்டுக் குழாயில் ஒட்டியது. கமலநாதன் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கழுவியாச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னும் இருக்கு," என்றார்.