குருவம்மாளும் அவளை எதிர்த்துப் பேசியவளும்

போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போன பெண்கள் எல்லோருக்கும் குருவம்மாளைத் தெரியும். குரல் அப்படி. அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப்பு முனகிக்கொண்டு வளைவுகளில் ஏறும்போது, அந்த இரைச்சலுக்கு மேலே அவள் பேசுவது பின்பக்கம் தொங்கிக்கொண்டு வருகிறவளுக்கும் கேட்கும். நான் பல வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனவள். என் பெயர் செல்லத்தாய்.

அவளுக்குப் பிறந்த ஊர் தேவாரம். வாக்கப்பட்டது போடிக்கு. புருஷன் கன்னையன் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறவர், வாய் திறந்து பேசாத மனுஷர். அவருக்கும் சேர்த்து இவள் பேசினாள். பேச்சுக்குப் பேச்சு எதிர்த்து நின்றவள் கருத்தம்மாள். எங்களுக்கெல்லாம் மூத்தவள், புருஷனை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள். கருத்தக்கா என்போம். குருவம்மாள் ஒன்று சொன்னால் கருத்தக்கா உடனே, "அது எப்படி?" என்பாள். அங்கிருந்து பேச்சு மலை உச்சியில் போடிமெட்டு வரைக்கும் ஓடும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், பொம்பளைப் பிள்ளை படிப்பு, சாமி கும்பிடுவதில் யாருக்கு முதல் மரியாதை என்று எதையும் விட்டதில்லை. மத்தியானம் ஏலச் செடிக்குள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கையில் ஒருத்தி தூக்குச்சட்டியிலிருந்து மற்றவள் ஊறுகாய் எடுத்துக்கொள்வாள். காலில் அட்டை ஏறினால் இவளுக்கு அவள் உப்பு வைத்து எடுப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் எங்களுக்கு முன்னால் போன ஜீப்பு ஒன்று வளைவில் சறுக்கிப் பாறையில் மோதிச் சாய்ந்தது. ஆட்டை அடைத்த மாதிரி ஆளை அடைத்திருந்தார்கள். பின்னால் தொங்கி வந்த ஜக்கம்மாளுக்கு இடுப்பு நொறுங்கிவிட்டது. அவள் திரும்ப நடக்கவில்லை.

மறுநாளே குருவம்மாள் ஆரம்பித்தாள். "ஒரு ஜீப்புக்கு உள்ள உக்கார்ற ஆளுக மட்டுந்தான் போகணும். தொங்கிக்கிட்டுப் போனா நாளைக்கு நாமளும் ஜக்கம்மாதான்."

"மிச்ச ஆளுக?" என்றாள் கருத்தக்கா.

"அடுத்த நாள் போகட்டும்."

"ஏத்தா குருவு, கங்காணி யாரைக் கழிச்சு விடுவான்? ஒன்னையவா? என்னைய மாதிரி கெழட்டையும் கைப்பிள்ளைக்காரியையும் கழிச்சு விடுவான். ஒனக்கு இடுப்பு பெருசு, எனக்கு அடுப்பு பெருசு."

ஜீப்பில் இருந்தவர்கள் ரெண்டு பக்கமாகப் பிரிந்து பேசினார்கள். குருவம்மாள், "அதுக்கு இப்ப எங்கிட்டப் பதில் இல்லக்கா. யோசிச்சு வந்து சொல்றேன்" என்றாள். பதில் இல்லை என்று சொல்ல அவளுக்குக் கூச்சம் கிடையாது. கருத்தக்காவும் அதைப் பிடித்துக்கொண்டு ஆடமாட்டாள். ஒருமுறை எங்களில் ஒருத்தி கோபத்தில் குருவம்மாளின் பிறந்த வீட்டை இழுத்துப் பேசினபோது கருத்தக்காதான் அதட்டினாள். "மதி. பேசுனது மதி. வீட்டு வாசல்ல போய் நிக்காத." போதும் என்பதற்குக் கேரளத் தோட்டத்தில் கேட்டுப் பழகிய சொல் அது.

இப்படி ஒரு பத்து நாள் போயிருக்கும். விடிகாலையில் ஜீப்புக்காக நாங்கள் கூடுகிற இடத்தில் சரக்கு அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கிச் சுவர் உண்டு. அதில் ஒரு நாள் கரியால் எழுதியிருந்தது. எழுதினவன் பேர் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தி சத்தமாகப் படித்தாள்: "குருவம்மாளுக்கு ஜீப்பு கசக்குது, பஸ் மேனேஜர் இனிக்கிறான்."

பஸ் கம்பெனி மேனேஜரோடு தொடுப்பு வைத்துக்கொண்டு அவனுக்காகத்தான் ஜீப்பைக் குறை சொல்கிறாள் என்று கதை கட்டியிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். குருவம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். அன்றைக்கு அவள் வாய் திறந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "போய் மேனேஜர்கிட்டச் சொல்லு" என்றது. அவள் சொன்னது சரியா தப்பா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

குருவம்மாள் பக்கத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரெண்டு நாள் கழித்து அதே சுவரில், "கருத்தம்மா கங்காணியிடம் கை நீட்டுகிறவள்" என்று வந்தது. பிறகு தினமும் ஏதாவது வந்தது. காலையில் வந்ததும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். ஜீப்பில் பேச்சே அற்றுப்போனது. பேசினால் மறுநாள் தன் பேரும் சுவரில் ஏறிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தொங்குகிறவர்கள் தொங்கிக்கொண்டுதான் போனார்கள்.

குருவம்மாள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் கன்னையன் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அரிசி நான் கொண்டாந்து போடுறேன். நீ ஒனக்குத் தோணுறப்பப் போ" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷனுக்கு எத்தனை கஞ்சி காய்ச்சி ஊற்றினாலும் தகும் என்று பின்னாளில் என்னிடம் சொல்வாள்.

ஒரு நாள் காலை நான் போனபோது கருத்தக்கா சுண்ணாம்புச் சட்டியும் மட்டையுமாகச் சுவர் முன்னால் நின்றாள். எல்லோரும் பார்க்க, குருவம்மாளைப் பற்றி எழுதியிருந்த அத்தனையையும் பூசி மறைத்தாள். தன்னைப் பற்றி எழுதியிருந்ததைத் தொடவில்லை.

"அக்கா, ஒங்களைப் பத்துனதை விட்டுட்டீகளே" என்றேன்.

"அதை அழிக்க வேண்டியவ வீட்ல சுருண்டு கெடக்கா. வெரசாப் போய்க் கூட்டியா."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "குருவு பேசுறது தப்பு. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். அதை அவ மூஞ்சிக்கு நேராச் சொல்ல எனக்கு வாய் இருக்கு. இவன் யாரு எனக்காகக் கரி தூக்க? பேச வேண்டியது இருந்தா பேரைச் சொல்லி ஜீப்புல ஏறிப் பேசட்டும்."

நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். குருவம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு தலையைக்கூட வாராமல் கிளம்பி வந்தாள். வந்தவள் கருத்தக்கா கையிலிருந்த மட்டையை வாங்கி, கருத்தக்காவைப் பற்றி எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் தேய்த்து மறைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கருத்தக்கா அதைக் கண்டுகொள்ளாதவள் மாதிரி, "சரி, சொல்லு. பதில் யோசிச்சு வர்றேன்னு போனியே" என்றாள்.

குருவம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஜீப்பு ரெண்டு நடை அடிச்சா?"

"ரெண்டாவது நடைக்காரி காட்டுக்குப் போக வெயில் ஏறிரும். அரை ஆள் கூலிதான்னு சொல்லிருவான்."

"சாயந்தரம் அவக இருந்து ஸ்டோர்ல காய் அலசிக் குடுத்துட்டு ரெண்டாவது நடையில எறங்கட்டும். நேரம் சரியாப் போகும்ல."

கருத்தக்கா உடனே தலையாட்டவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் முதல் நடையில் ஏறி முதல் நடையிலேயே இறங்க வேண்டும் என்றாள். குருவம்மாள் அதற்கு ஒத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பல நாளைக்குப் பிறகு எங்கள் குரல் எங்களுக்கே கேட்டது.

கங்காணி உக்கிரபாண்டி முதலில் முடியாது என்றார். அன்று காலை ரெண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து ஏறாமல் நின்றோம். காய் பழுத்துக் கிடக்கிற சமயம். ஜீப்பு ஓட்டுகிற சுருளிவேல், "அண்ணே, இத்தனை லோடு வச்சு எனக்கும் பிரேக்கு நிக்க மாட்டேங்குது" என்று எங்களுக்காகப் பேசினார். மறுநாளிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ரெண்டு நடை வந்தது. வேறு சில தோட்டங்களும் அப்படிச் செய்தன. செய்யாதவையும் உண்டு. சுவரில் முதலில் எழுதியவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. குருவம்மாள் தேடவும் இல்லை.

எண்பத்து நாலு வாக்கில் வேறொரு பழக்கம் வந்தது. ஜீப்புகளின் முன்னால் கட்சிக் கொடி பறக்க ஆரம்பித்தது. அந்தக் கொடிக்காரப் பெண்கள் அந்த ஜீப்பு, இந்தக் கொடிக்காரப் பெண்கள் இந்த ஜீப்பு. உள்ளே எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம், பேச ஒன்றுமில்லை. டேப் ரெக்கார்டர் பாடிக்கொண்டிருக்கும். எதிர்க் கொடி ஜீப்பு முந்தினால் மட்டும் தலையை நீட்டி வைவார்கள். குருவம்மாளும் கருத்தக்காவும் வேறு வேறு கட்சி. ஆனாலும் ஒரே ஜீப்பில்தான் ஏறினார்கள். டிரைவர் கொடியைக் காட்டிக் கேட்டால் கருத்தக்கா சொல்வாள்: "அது ஜீப்புக்குக் கட்டுனதுப்பு. எனக்குக் கட்டல."

முழங்கால் விட்டுப்போய் கருத்தக்கா மலைக்கு வருவதை நிறுத்தின பிறகு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குருவம்மாள் அவள் வீட்டுக்குப் போவாள். நானும் கூடப் போவேன். கடைசியாக அவர்கள் மோதிக்கொண்டது கருத்தக்காவின் பேத்தியைப் பற்றி. டைப் அடிக்கப் படிக்க அவளைத் தேனிக்கு அனுப்ப வேண்டும் என்றாள் குருவம்மாள். பஸ்சில் தனியாகப் போகும் பிள்ளைக்கு ஒன்று ஆனால் யார் வருவது என்றாள் கருத்தக்கா. மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். முடிவு ஆகவில்லை.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். "இன்னும் எதுக்குடி அந்தக் கெழவிகூட மல்லுக்கு நிக்கிற?"

"எம் பக்கம் நின்னவகதான அக்காவைப் பத்திக் கேவலமா எழுதுனாக" என்றாள் குருவம்மாள். "அந்த மனுசி என்னைய ஒத்துக்கிட்டதே இல்ல. ஆனாப் பாரு, நான் பேசுனதை முழுசாக் காதுல வாங்குனது அவதான். நான் குடுத்து வச்சவ, செல்லத்தாயி."

அடுத்த மாதம் பேத்தி தேனிக்குப் போய்வர ஆரம்பித்தாள். கருத்தக்கா அரைமனதாகத்தான் விட்டிருந்தாள். முதல் நாள் பஸ்சில் அவளுக்குத் துணையாகப் போனவள் குருவம்மாள்.