வாயைத் திறந்த பூட்டு

என் அண்ணன் மகளுக்கு வீட்டில் பூட்டு என்று பெயர். பென்சில் டப்பாவுக்கே பூட்டுப் போட்டவள். பல்கலைக்கழகத்தில் அவள் சைபர் பாதுகாப்புப் படிப்பை எடுத்தபோது எங்களில் யாருக்கும் ஆச்சரியமில்லை. என் வீட்டு மாடியறையில் தங்கிப் படித்தாள்.

படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள் நான். ஒரு நாள் அவள் முகம் வாடி வந்ததும் தெர்மாமீட்டரை எடுத்தேன். காய்ச்சல் இல்லை.

"அப்புறம் என்னடி?"

"குரூப் பயிற்சியில தோத்துட்டோம் அத்தை. அடுத்ததும் போச்சுன்னா இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்கணும்."

மூன்று பேர் ஓர் அணி. ஒரு சர்வரை அவர்கள் காக்க வேண்டும். எதிரணி உள்ளே புகப் பார்க்கும். மதிப்பெண் மூவருக்கும் சேர்த்துத்தான். பூட்டு யாரிடமும் மூச்சுவிடாமல் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். மாற்றத்தைக் கண்ட அணித் தோழன், கண்ணாடி என்று பட்டப்பெயர், எதிரி நுழைந்துவிட்டான் என்று அவளுடைய கணக்கை முடக்கினான். மூன்றாமவளுக்குப் பட்டப்பெயர் வாயாடி. அவள் இருவரையுமே எதிரி என்று நினைத்து சர்வரையே நிறுத்திவிட்டாள். எதிரணி அதுவரை பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததாம்.

நான் சிரித்துவிட்டேன். பூட்டு மாடியேறி, வழக்கம்போல் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மூவரும் என் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்புகளோடு உட்கார்ந்தார்கள்.

"மாத்தினதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றான் கண்ணாடி.

"சொன்னா நீ வந்து நோண்டுவே."

வாயாடி மேசையைத் தட்டினாள். "இனிமே கீபோர்டுல கை வெக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறக்கணும். என் வாய் எப்பவும் திறந்துதான் இருக்கு. உங்க ரெண்டு பேருக்குத்தான் கஷ்டம்."

பூட்டு அதை வீடெங்கும் பழகினாள். "அத்தை, ஜன்னலைச் சாத்தறேன்!" "அத்தை, குளிக்கப் போறேன்!"

"போயேன்டி. என்கிட்ட எதுக்கு அனுமதி?"

"பழக்கம் வரணும் அத்தை."

இரண்டாவது பயிற்சியை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். அதே மேசை. நான் பயறு பொறுக்கியபடி ஓரமாக இருந்தேன். மூவரும் சந்தைக்கடை போலச் சொல்லிச் சொல்லி வேலை செய்தார்கள். திடீரென்று பூட்டின் விரல்கள் நின்றன. முகம் வெளுத்துவிட்டது. இதயம் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு வெளுத்ததில்லை.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "நான்... தப்பான கணக்கை அழிச்சிட்டேன். நம்ம கணக்கு அது."

இப்போது வெடிக்கும் என்று பயறுத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"சொன்னியே, அது போதும்," என்றாள் வாயாடி. "பேக்கப்லேர்ந்து நான் எடுக்கறேன். கண்ணாடி, நீ சர்வர் வாசலைப் பாரு."

"பாத்துட்டிருக்கேன்னு சொல்றேன். காதுல விழுந்துச்சா?"

எதிரணி முட்டி மோதிப் பார்த்தது. உள்ளே வர முடியவில்லை. நேரம் முடிந்ததும் மூவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

தோழர்களை வழியனுப்பிவிட்டுப் பூட்டு துள்ளி மாடியேறினாள். மேலிருந்து குரல் வந்தது. "அத்தை, என் ரூம் கதவைத் திறந்தே வெக்கிறேன்!"

"சாத்திட்டுப் படுடி, கொசு வரும்," என்றேன்.