அரை டிக்கெட் மலை தாண்டினாள்

அந்த டூர் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் அரை டிக்கெட். ஆள் குள்ளமும் இல்லை, சின்னப் பெண்ணும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகளுக்குத் தாய். வாயைத் திறந்தால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார். பிறகு ஏன் இந்தப் பெயர் என்றால், கம்பெனியின் பெரிய டூர் பழைய நகரங்களில் தொடங்கி, மலை ஏறி இறங்கி, பாலைவனத்தில் போய் முடியும். இவள் கைடாகப் போவது மலை அடிவாரம் வரைக்கும்தான். பாதி வழி போகிறவள் அரை டிக்கெட் என்று டீ குடிக்கிற நேரத்தில் யாரோ சொன்னார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது.

காரணம் வேறொன்றுமில்லை, வாந்தி.

சமதரையில் அவளை அசைக்க ஆளில்லை. எந்த ராஜா எந்த ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான் என்று கோட்டை வாசலில் நின்று அவள் சொன்னால், பெரிய மனிதர்கள்கூட அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் மலையில் மூன்றாவது வளைவு வந்ததோ இல்லையோ, குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். அதிலும் கைடு என்றால் சாலைக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்து நிற்க வேண்டும். கேட்கவா வேண்டும்! மாத்திரை போட்டுப் பார்த்தாள். மைக்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய், அவள் குறட்டை பஸ் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தாள், பழம்தான் வீண். கடைசியாக ஒரு பயணத்தில், முன் சீட்டு அம்மாள் மடியில் வைத்திருந்த புதுத் தொப்பியை வாங்கி அதில் எடுத்துவிட்டாள். அதோடு முதலாளி கும்பிடு போட்டுவிட்டார்.

"அம்மா தாயே, அடிவாரத்தோட நிறுத்திக்கோ. மேல போறதுக்கு நான் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அந்த வேற ஆள், மேகம் மூடினாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன். கூலிங் கிளாஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அடிவார ஊரில் ஹோட்டல் வாசலில் காத்திருந்து, அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொள்வான். கடைசி நாள் கைதட்டலும், எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் போட்டோவும் அவனுக்கு. இவள் நடந்து போய் டவுன் பஸ் ஏறுவாள்.

கைதட்டல் போனால் போகட்டும். அவளுடைய வயிற்றெரிச்சல் வேறு. இத்தனை வருஷத்தில் அவள் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே போக அந்த மலையை விட்டால் வேறு வழியும் கிடையாது. பயணிகள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள், "பாலைவனம் எப்படிங்க இருக்கும்?"

"அதெல்லாம் வாயால சொல்ற விஷயமா? நேர்ல பாருங்க, அப்புறம் என்கிட்ட சொல்லுங்க" என்று சிரிப்பாள். என்ன சிரிப்பு! நூறு தடவை பார்த்து அலுத்துப்போனவள் சிரிக்கிற சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும். கணவன் இஸ்திரிக் கடை வைத்திருந்தான். அவளுடைய நீல யூனிபார்ம் கோட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்பான், "இந்தத் தடவையும் டாட்டா காட்டிட்டு வந்தாச்சா?" அவன் கேலிக்குத்தான் கேட்பான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டும்.

இப்படியே போயிருக்கும், மீசை மட்டும் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

மீசை அந்த பஸ்ஸின் டிரைவர். மலைப் பாதையைப் பொறுத்தவரை அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வேலைக்கு வந்தவர், பேயறைந்தவர் மாதிரி ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வெளிய சொல்லிடாத தங்கச்சி. மச்சான் கார்ல பின்னாடி உட்கார்ந்து மலை ஏறினேன். வழியெல்லாம் வாந்தி."

"நீங்களா? விளையாடாதீங்கண்ணே!"

"சத்தியமா. எப்பவுமே அப்படித்தான். நான் ஓட்டினா ஒண்ணும் பண்ணாது. அடுத்தவன் ஓட்டி நான் உட்கார்ந்தா அவ்வளவுதான். ஓட்டறவனுக்கு எப்படி வரும்? வண்டி எந்தப் பக்கம் திரும்பப்போகுதுன்னு அவனுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அவள் கையிலிருந்த டீ ஆறிப்போனது. அன்று சாயங்காலமே டிரைவிங் ஸ்கூல் வாசலில் போய் நின்றாள்.

ஊர் சிரித்தது. "அரை டிக்கெட்டு முழு பஸ்ஸை ஓட்டப்போகுதாம்" என்று அலுவலகத்தில் பேச்சு. கணவனும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் அவள் விடிவதற்குள் எழுந்து கிளட்சையும் கியரையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபின், மகளுக்குத் தலை வாரிவிடும் வேலையைச் சத்தமில்லாமல் தன் கைக்கு எடுத்துக்கொண்டான். கார் லைசென்ஸ் வாங்கினாள். அதற்குரிய காலம் காத்திருந்து ஹெவி லைசென்ஸும் வாங்கினாள். டூர் இல்லாத நாட்களில் மீசை காலி பஸ்ஸில் அவளைப் பக்கத்து மேடு வரை கூட்டிப்போய் ஓட்டச் சொன்னார். ஏழெட்டு வளைவு ஏறி, திரும்பி இறங்கி வருவாள். வயிறு வாயே திறக்கவில்லை.

மலையில் தானே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கைடாகவும் போகிறேன் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாள். "ஓட்டறதுக்கு மீசை இருக்காரு, பேசறதுக்கு கூலிங் கிளாஸ் இருக்கான். நீ எதுக்கு?" என்று ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

கடவுள் ஒருவன் இருக்கிறான் ஐயா! அடுத்த டூரில் அடிவார ஊருக்கு பஸ் போய்ச் சேர்ந்தபோது ஹோட்டல் வாசலில் ஆளில்லை. போன் போட்டால், கூலிங் கிளாஸ் எதிர்க் கம்பெனி வண்டியில் முந்தின நாளே மலை ஏறிவிட்டானாம். ஒரு வார்த்தை சொல்லாமல்! பயணிகள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், "கைடு இல்லாம மலையில என்ன பாக்கறது? கல்லையா? நாங்க வரல" என்று சட்டமாகச் சொல்லிவிட்டார்.

மீசை போனை எடுத்து முதலாளியிடம் பேசினார். "தங்கச்சி வரட்டும் சார். அவங்க ஓட்டட்டும், நான் பக்கத்துலயே இருக்கேன். நிறுத்தற இடத்துல எல்லாம் இறங்கி அவங்களே கதை சொல்லட்டும்."

போனில் முதலாளி கத்தியது எல்லோருக்கும் கேட்டது. பிறகு அவளிடம் கொடுக்கச் சொன்னார். "இதோ பாரு. நடுவழியில வாந்தி எடுத்தேன்னு சேதி வந்துது, அப்படியே கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு டிக்கெட் கவுன்டர்ல போய் உட்காரு. அடிவாரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சம்மதமா?"

பாதி வழியும் போய்விடும். கோட்டை, ஜன்னல், மைக் எல்லாம் போய்விடும்.

"சம்மதம் சார்" என்றாள்.

வாத்தியார் விடவில்லை. லைசென்ஸை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். "ஏம்மா, இந்தப் பாதையில இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கியா?" என்றார்.

"இல்லீங்க சார். ஆனா மீசை அண்ணன் என் பக்கத்துலயே இருப்பாரு. அவர் நிறுத்துன்னா நிறுத்திடுவேன்."

பொய் சொல்லவில்லை என்பதாலோ என்னவோ, அவர் முனகிக்கொண்டே முதல் சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவள் ஓட்டுவதைக் கண்கொட்டாமல் கவனிக்கப்போகிறாராம்.

முதல் வளைவு. இரண்டாவது. பாழாய்ப்போன மூன்றாவது வளைவு வந்தபோது அவள் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். வயிறு? ஒன்றுமில்லை! நாலாவதில் தோளை இறக்கினாள். மீசை, கம்பெனி மானத்தைக் காப்பாற்ற மைக்கைக் கையில் எடுத்தார். "இது ஒரு வளைவு" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "இது இன்னொரு வளைவு" என்றார். பஸ் குலுங்கச் சிரித்தது. அப்படியே மேலே மேலே ஏறினார்கள். பார்க்கிற இடம் வந்ததும் அவள் இறங்கி, பழைய படைகள் கணவாயைத் தாண்டிய கதையைச் சொன்னாள். புத்தகத்தில் படித்து வருஷக்கணக்காக வாய்க்குள் வைத்திருந்த கதை, மடை திறந்த மாதிரி வந்தது.

உச்சி தாண்டி இறக்கத்தில், பின்னாலிருந்து ஒரு ஈனக் குரல். "ஏம்மா... கொஞ்சம் ஓரமா நிறுத்தறியா..."

வாத்தியார்! முகம் வெளுத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஓரம் கட்டினாள். அவர் இறங்கி எல்லாவற்றையும் மலைக்கே கொடுத்தார். அவள் முதுகைத் தடவிவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கோட்டுப் பையில் தனக்கென்று வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"மோந்து பாருங்க சார். எனக்கு இனிமே வேண்டியிருக்காது."

கீழே டீக்கடையில் சிக்னல் கிடைத்ததும் முதலாளியின் போன். எடுத்த எடுப்பில், "வாந்தியா?" என்றார்.

"ஆமா சார்."

"நான் சொல்லல? சொன்னேனா இல்லையா? கோட்டைக் கழட்டு..."

போனை வாத்தியார் பிடுங்கினார். "யோவ், வாந்தி எடுத்தது நான்! அந்தப் பொண்ணு பூ மாதிரி கொண்டுவந்து இறக்கியிருக்கு. அடுத்த டூர்ல வேற யாராவது இந்த மலையில கைடா வந்தா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்!" அந்தப் பக்கம் இருமல். பிறகு, "அவளையே இனிமே கடைசி வரைக்கும் போகச் சொல்லுங்க" என்று ஒரு குரல். டீக்கடையில் விசில் பறந்தது. மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

அதற்கப்புறம் சாலை நேராகிவிட்டது. புல் குறைந்தது, மரம் குறைந்தது. ஒரு மேட்டைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மணல், கண் போகிற மட்டும் மணல். வழக்கமாக நிறுத்துகிற இடம் என்று மீசை காட்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். முறைப்படி கைடு கதவருகே நின்று எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்க வேண்டும். அவள் அதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, செருப்பை உதறி, முதல் ஆளாகக் குதித்து, நீலக் கோட்டு பறக்க மணல் மேட்டில் ஓடினாள். கால் புதைந்து விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள்.

"ஏம்மா!" வாத்தியார் எலுமிச்சம்பழமும் கையுமாகப் படியில் நின்று கத்தினார். "எங்களுக்கு எதுவும் சொல்லமாட்டியா? நீ நூறு தடவை பார்த்த இடம்தானே!"

அவள் மேட்டு உச்சியிலிருந்து திரும்பினாள். முகமெல்லாம் மணல், கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல்.

"பார்த்ததே இல்ல சார்!" என்று இருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினாள். "நானும் இப்பதான் பாக்கறேன்! சீக்கிரம் வாங்க!"