லுசேர்னில் வாங்கிய அடி

எனக்கு மூக்குநுனியில் கோபம். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினெட்டு வருடமாகச் சமைக்கிறேன். அங்கே என் கையால் உடைந்த தட்டுகளை வைத்து ஒரு சின்னக் கடையே போடலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மனைவி நாளுக்கு ஒருதடவையாவது சொல்வாள். அந்த மட்டான புத்தியோடுதான் அன்றைக்கு லுசேர்ன் பார்க்கப் போனேன்.

போனது ஒரு கூட்டாளிக்காக. அவனுக்கு எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலை. வீட்டிலிருந்து லுசேர்னுக்கு பஸ்ஸில் கால்மணி நேரம்தான், ஆனால் இருபது வருடத்தில் ஒருநாளும் அந்த நகரத்தைச் சுற்றிப் பார்த்ததில்லை. வேலை, தூக்கம், மறுபடி வேலை. இப்போது சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். இரண்டு கிழமையில் கெமைண்டே என்கிற உள்ளூராட்சி அலுவலகத்தில் நேர்முகம். உள்ளூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்களாம். அதற்காகக் கொப்பியும் பேனையுமாகப் புறப்பட்டான். பொலிசில் ஒரு பதிவு விழுந்தால் விண்ணப்பம் அதோடு சரி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீட்டிகோனில் பண்டகசாலையில் வேலை செய்யும் மற்றக் கூட்டாளி காரை எடுத்து வந்தான். நான் ஐஸ்கிறீம் டப்பா நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுபோனேன்.

அங்குள்ள பழைய மரப்பாலத்தைக் கலண்டரில் பார்த்தால் பூந்தொட்டியும் அன்னமும்தான் தெரியும். உள்ளே நடந்து அண்ணாந்து பார்த்தால் கொலை. கூரைக்குக் கீழே உள்ள முக்கோணப் பலகை ஓவியங்களில் தலைகளை வெட்டுகிறார்கள், ஓர் ஆயரின் கண்ணைத் துளைக்கிறார்கள். பக்கத்துக் கோபுரத்தில் முன்பு ஆட்களை அடைத்து வதைத்தார்களாம். கூட்டாளி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினான். சுற்றுலாப் பயணிகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். இவ்வளவு வெட்டுக்குத்துக்கும் பூந்தொட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் ஆற்றங்கரைப் படியில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். பின்னால் பியர்ப் போத்தல்களோடு நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் உயரமான ஒருவன் டப்பாவை எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்தி, காலால் ஓங்கி உதைத்தான். டப்பா ஆற்றில் விழுந்தது. விடிய நாலு மணிக்கு எழும்பிப் பொரித்த ரோல்ஸை அன்னம் கொத்தியது.

நான் எழும்பியது எனக்கு நினைவில்லை. என் கைமுட்டிக்குக் கீழே அவன் மூக்கு நொறுங்கிய சத்தம் நினைவிருக்கிறது. கோழித் தொடையை முறிக்கும்போது வரும் அதே சத்தம். இன்னொன்று போட்டேன். மூன்றாவதற்குக் கையை ஓங்கியபோது, நேர்முகத்துக்குப் போக இருந்த கூட்டாளி பின்னாலிருந்து என் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தான். உதைத்தவன் சும்மா விடுவானா? போத்தலை வீசினான். நான் தலையைக் குனிந்தேன். என் தோளுக்கு மேலே இருந்த கூட்டாளியின் வாயில் அது விழுந்தது. பிறகு இரண்டு குத்து, அதுவும் அவன் முகத்தில்தான். என் கழுத்து வழியே சூடாக இரத்தம் இறங்கியது. அவன் பிடியை விடவேயில்லை.

"பொலிஸ் வந்தால் என்ரை கதை முடிஞ்சுதடா. கையை இறக்கு," என்றான் காதுக்குள்.

பொலிஸ் வந்தது. அந்தக் கூட்டம் அதற்குள் மூக்குடைந்தவனை இழுத்துக்கொண்டு பாலத்தில் கலந்துவிட்டது. கூட்டாளி வாயில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு, படியில் தடக்கி விழுந்துவிட்டேன் என்று நேர்முகத்துக்குப் பாடமாக்கிய திருத்தமான ஜெர்மனில் சொன்னான். அவர்கள் அவனுடைய அடையாள அட்டையை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்து, மருத்துவரிடம் போகச் சொன்னார்கள்.

அவன் மருத்துவரிடம் போகவில்லை. பார்க்கவேண்டியவை என்று கொப்பியில் போட்ட பட்டியலில் சிங்கம் மிச்சம் இருந்தது. பாறையில் செதுக்கிய அந்தச் சிங்கம், விலாவில் முறிந்த ஈட்டியோடு சாகக் கிடக்கிறது. எங்கோ பிற தேசத்து அரசனுக்குக் கூலிக்குச் சண்டை பிடித்துச் செத்த சுவிஸ்காரருக்கான நினைவுச்சின்னம். அவன் அதையும் எழுதினான். கொப்பியில் இரத்தம் சொட்டியது. காரில் வரும்போது நான் அடங்கவில்லை. அடி வாங்கிவிட்டுப் பொய் சொல்கிறாயே, ரோசம் இல்லையா என்று அவனைத்தான் திட்டினேன். பேடி என்றும் சொன்னேன். அவன் உடைந்த பல்லை லேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தான்.

நேர்முகத்தில் சிங்கத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம். ஒரு வருடத்துக்கு மேல் கழித்துச் சிவப்புப் பாஸ்போட் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டான். அவன் மனைவி நண்டுக்கறி காய்ச்சியிருந்தார். நான் வாழ்த்துச் சொல்லிக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவன் பாஸ்போட்டை மேசையில் வைத்தான். கையைத் துவாயில் துடைத்தான். விட்டான் ஓர் அறை. சுவரில் போய் மோதினேன்.

"இது அண்டைக்கே தந்திருக்கவேணும்," என்றான். "அண்டைக்கு எனக்குக் கை இல்லை."

மற்றக் கூட்டாளி எழும்பி எங்களுக்கு நடுவில் வந்தான். தேவையில்லை என்று அவனை விலக்கினேன். என் கை பேசாமல் கிடந்தது, வாழ்க்கையில் முதல்தடவையாக. பேடி என்று நான் சொன்னவனின் பல் இடைவெளியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"இரு, சாப்பிடு," என்றான்.

இருந்து சாப்பிட்டேன். கன்னத்துக்குள் கிழிந்த இடத்தில் நண்டுக்கறி உறைத்து எரிந்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.