போதும் என்று சொல்லும் புரோட்டீன்

“நல்லாச் சாப்புடுங்க, யாரும் தடுக்க மாட்டாக” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக் குடுவையில் கஞ்சி போன்ற திரவத்தை ஊற்றுகிறாள் மாரிக்கனி. சாப்பிடப்போவது பாக்டீரியா. அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் என் வகுப்புக்கு அடுத்த அறைதான் அவளுடைய ஆய்வகம். நான் கணக்கு நடத்துகிறவள். பாடம் இல்லாத நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போவேன்.

பாளையம்பட்டி வீட்டில் அவள் மகள் யுவராணிக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கிற புரோட்டீன் அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே சுரப்பதில்லை. உடம்பு ஊதி, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. வெளிநாட்டில் ஊசி இருக்கிறதாம். இங்கே விசாரித்தால் கையை விரிக்கிறார்கள். மாரிக்கனி அடுப்படிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள்.

“வாசல்ல கால வைக்கவும் ஏங் கைய மோந்து பாத்து, ‘யம்மா, என்ன தின்ன?’ன்னு கேக்குது மேடம்.”

மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி அந்தப் புரோட்டீனைத்தான் செய்யப் பார்த்தாள். முதலில் ஒன்றும் தேறவில்லை. காரணம் கேட்டேன்.

“புரோட்டீனுங்கிறது மணி கோத்த மால மேடம். ஒரே மணியக் கேக்க ஜீன்ல பல குறியீடு இருக்கு. நம்ம ஜீன்ல சகஜமா வர்ற சில குறியீட்டுக்கு, மணி கொண்டார ஆளு பாக்டீரியாகிட்ட கம்மி. எப்பவாச்சும் வர்ற பரளச்சி பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னு நின்னு பாத்துட்டு, பாதியில விட்டுருது.”

அதனால் அதே மணிகளை, பாக்டீரியாவுக்குப் பழகிய குறியீடுகளில் கேட்கும்படி ஜீனை மாற்றியமைத்தாள். மாலை மாறாது, கேட்கிற விதம்தான் மாறும்.

போன வெள்ளிக்கிழமை சோதனையில் புரோட்டீன் ஏராளமாக உருவாகி, தடித்த நீலப் பட்டையாகத் தெரிந்தது. துறையே கூடிவிட்டது. நான்தான் அசடு மாதிரி, “அப்போ பிள்ளைக்குப் போடலாமா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“இது ஊசியா மாற எத்தன வருசமோ மேடம். சுத்தம் பண்ணணும், எலிக்குப் போட்டுப் பாக்கணும், அனுமதி வாங்கணும். அதுக்குள்ள அவ...”

முடிக்காமல் கையுறையைக் கழற்றினாள்.

யாரோ காராச்சேவு வாங்கி வந்தார்கள். எல்லோரும் வற்புறுத்தவே வராந்தாவில் நின்று ஒரு வாய் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் பையை எடுத்தவள் நேரே குழாயடிக்குப் போனாள். வாயைக் கொப்பளித்தாள். முந்தானையை உதறினாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, விரல்களை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் சோப்பை எடுத்தாள்.