சரசாலையில் பச்சைச் சேலையும் பஞ்சுருட்டானும்

என் கணவர் கடைசியாக எடுத்த பறவைப் படத்தில் வால் இல்லை. சரசாலை நீரேரிக் கரையில் நீலவால் பஞ்சுருட்டானை வால் படத்துக்குள் விழாமல் எடுத்துவிட்டு வந்து, "அடுத்த மாரிக்கு வரும்தானே, வாலோடை எடுப்பம்" என்றார். குருவிகள் வந்தன. அவர் இல்லை. அவை வடக்கே திரும்புமுன் அந்தப் படத்தை நானாவது எடுத்துவிட வேண்டும் என்று இந்தப் பங்குனியில் இரண்டு காலை போய்வந்தேன்.

புத்தூர்ச் சந்தியிலிருந்து சாவகச்சேரிப் பக்கமாக ஓட்டோவில் இருபது நிமிடம். காத்து நிற்பதோடு மூவாயிரம் ரூபாய், ஏறுமுன் பேசிவிடுங்கள். ஆறேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும். ஏழரைக்குப் பிறகு வெளிச்சம் கடுமையாகி இறகின் நிறம் வெளிறிவிடும்.

பஞ்சுருட்டானைத் துரத்தாதீர்கள். அதற்கென்று ஒரு கொப்பு இருக்கும். பறந்துபோய்த் தும்பியைப் பிடித்துக்கொண்டு அதே கொப்புக்குத் திரும்பி வரும். கமராவைக் கொப்பில் குறிவைத்துவிட்டுக் காத்திருங்கள். குருவியின் கண்மட்டத்துக்கு இறங்கி இருங்கள்; மேலிருந்து எடுத்தால் முதுகுதான் மிஞ்சும். பின்னணியில் தூரத்துத் தண்ணீர் மட்டும் தெரியட்டும். வால் நீளமானது, கீழே தாராளமாக இடம் விடுங்கள். அவர் விட்ட பிழை அதுதான்.

முதல் நாள் இவ்வளவும் செய்தேன். நான் குறிவைத்திருந்த கண்டல் மரக் கொப்பில் ஒன்றுகூட வந்து இருக்கவில்லை.

"அம்மா, உந்த வெள்ளைச் சீலையோடை இருந்தா கொக்குத்தான் வந்து பக்கத்திலை நிக்கும்" என்றார் ஓட்டோக்கார யோகன்.

வெள்ளை ஆகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் போனபின் வேறு நிறம் உடுத்தியதில்லை, அவ்வளவுதான். ஆனால் இப்படிக் கமராவோடு போகும் காலைகளுக்கென்றே அவர் வாங்கித் தந்த பாசிப்பச்சைப் பருத்திச் சேலை ஒன்று அலுமாரியில் இருந்தது. அன்று பின்னேரம் அதை எடுத்து மடிப்புக் குலையாமல் அயன் பண்ணினேன்.

மறுநாள் யோகன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, நல்லூர்த் தேருக்கே வெளிக்கிட்டனீங்கள்?"

"ஓம், தேர் இழுக்கத்தான். நீர் முதலிலை எஞ்சினை நிப்பாட்டும்."

ஏழு மணிபோல ஒன்று கொப்பில் வந்து இருந்தது. பறந்தது. அலகில் தும்பியோடு அதே கொப்புக்குத் திரும்பியது. கமராவைச் செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் வைத்திருந்தேன்; அழுத்தினேன். வால் நுனிவரை படத்தில் விழுந்தது. யோகன் எட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் வெறுமையாக் கிடக்கு, வெட்டிவிடுங்கோவன்" என்றார். வெட்டவில்லை. குருவி பார்க்கிற பக்கம் வெளி இருக்க வேண்டும். அது அவர் எனக்குச் சொல்லித் தந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே, "வால் முழுக்க விழுந்திருக்கு, வந்து பாருங்கோ" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டேன்.

போகிறவர்கள் சித்திரைக்கு முன் போங்கள். பச்சையோ மண்நிறமோ உடுத்துங்கள். படத்தைக் காட்ட வீட்டில் ஒருவர் இருந்தால், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.